ஒடியும் பதம்

மூன்று நாள் மழை என்று வானொலி சொன்னதும்
ஏபெர் டயர் கடைக்குப் போகவில்லை.
காய்ச்சல் என்று முதலாளியிடம் சொன்னான்.
காய்ச்சல்தான், ஒருவிதத்தில்.
கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் இரவல் வாங்கிய கண்ணாடியை
ஒற்றைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு
பின்கட்டில் மண்டியிட்டான்.
மொட்டின் மேல் ஊசிமுனைப் பிசின்:
பளிங்காய் இருந்தால் பிஞ்சு,
பாலாய் மாறினால் வேளை வந்தது,
தேன் நிறம் அங்கங்கே தட்டினால்
அதற்கு மேல் காத்திருப்பவன் பேராசைக்காரன்.
"பால். இன்னும் நான்கு நாள் கிடைத்தால் தேன்."
உச்சிக் கொத்தை விரலால் பிளந்தான்.
உள்ளே சாம்பல் நூல் ஒன்று.
நான்கு நாள் கிடைக்காது.

ஏப்ரல் இங்கே இலையுதிர்காலம்.
மினாஸ் குன்றுகளில் மேகம் இறங்கி உட்கார்ந்தால்
காலுறைகூட ஒரு வாரம் காயாது.
ஆறு செடிக்கு அனுமதி உண்டு.
நாங்கள் வைத்தது நான்கு.
ஒன்று ஆணாய்ப் போக, ஜனவரியிலேயே பிடுங்கி எறிந்தோம்.
மிச்சம் மூன்றும் என்னைவிட உயரம்.

அடித்தண்டை ரம்பத்தால் அறுத்தான்.
நான் சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
என் புருவக் கத்தரியால் இலை கழித்தேன்.
(புருவம் அந்த மாதம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது.)
விரலெல்லாம் கறுத்த பசை.
சோப்புக்கு அசையவில்லை,
சமையல் எண்ணெய்க்குத்தான் இளகியது.
பூசணம் பிடித்த கொத்துகளை அவன் தனியே வெட்டி
வாளியில் போடும்போது
ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை.

என் குளிர்கால அங்கிகளை அலமாரியிலிருந்து இறக்கி
நாற்காலியில் குவித்துவிட்டு
அந்தக் கொக்கிகளில்
கிளைகளைத் தலைகீழாய்த் தொங்கவிட்டான்.
கதவு கொஞ்சம் திறந்து, சின்ன விசிறி சுவரைப் பார்த்து.
இருட்டு வேண்டும், குளிர்ச்சி வேண்டும், அவசரம் கூடாது.
படுக்கையறை முழுக்க முதலில் வெட்டிய புல்.
ஐந்தாம் நாள் எலுமிச்சைத் தோல்.
ஆறாம் நாள் தெரு முழுக்க.

அன்று மாலை கதவைத் தட்டியவர்
மூன்று வீடு தள்ளி இருக்கும் ரொசேந்தோ தெசேரா.
ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜண்ட்.
தொண்ணூற்று மூன்றில், சதுக்கத்துப் பெஞ்சில்,
ஒற்றைச் சிகரெட்டுக்காக
ஏபெரின் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்தவர்.
இரண்டு இரவு லாக்கப். தோள்வரை இருந்த முடி போயிற்று.
மழை வரும்போதெல்லாம் அந்தத் தோள் இன்னும் வலிக்கும்.

அங்கிக்குள்ளிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்தார்.
"என் மனைவியின் மூட்டுவலிக்கு வளர்த்தேன்.
மாட்டுக்கொட்டில் நாற்றம் அடிக்கிறது.
எங்கே தப்பு?"

ஏபெர் மாத்தே குடித்துக்கொண்டிருந்தான்.
குடுவையை நீட்டவில்லை.
எங்கள் ஊரில் அதைவிடத் தெளிவாய்
ஒருவரைத் திட்ட முடியாது.
வெந்நீர்க் குப்பியில் நீர் தீரும்வரை உறிஞ்சினான்.
பிறகு ஜாடியைத் திறந்து மோந்தான்.

"ஈரத்தோடு அடைத்துவிட்டீர்கள்."
ஒரு காம்பை எடுத்து மடக்கினான். வளைந்தது.
"வளைந்தால் உள்ளே இன்னும் தண்ணீர்.
ஒடிய வேண்டும். சத்தம் கேட்க வேண்டும்."

தெசேரா இன்னொரு காம்பை எடுத்தார்.
அதுவும் வளைந்தது.
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.
"அன்றைக்கு, அந்தப் பெஞ்சில்..."

"வீட்டில் விரித்துக் காயவையுங்கள்.
பூசணம் தெரிந்தால் மொத்தமும் குப்பை.
உங்கள் மனைவிக்குக் கொடுத்துவிடாதீர்கள்."

அவர் போனபின் கதவை மூடி
வலது தோளைச் சுவரில் தேய்த்தான்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கிழிந்த செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பதினோராம் இரவு
அலமாரிக்குள் ஒரு சத்தம்,
தீக்குச்சி முறிந்ததுபோல்.
அதற்குப் பிறகு இன்னொன்று.
தேவைக்கு மேல் ஏழெட்டுக் காம்பு ஒடித்திருப்பான்.

எல்லாம் இப்போது ஜாம் ஜாடிகளில்.
தினம் ஒருமுறை மூடி திறந்து மூச்சு விடவைக்கிறோம்.
ஒன்றில் பெயர் எழுதாமல் வைத்திருக்கிறான்.
யாருக்கு என்றால், சொல்வதில்லை.

ஜூனில் அங்கியை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன்.
வரிசையில் என் பின்னால் நின்ற நரைத்த சீமாட்டி
இரண்டு முறை மூச்சை இழுத்துவிட்டு
காதருகே குனிந்து கேட்டாள்:
"எத்தனை நாள் தொங்கவிட்டீர்கள்?"